காலை நீட்டாத பிள்ளை

சித்தெ அக்கட்ட தள்ளி உக்காருங்க அம்மிணி. இல்லைங்க, எடம் போதும், எடத்துக்காகச் சொல்லல. அந்தக் கதவு எனக்குத் தெரியோணும். நீங்க முன்னால சாஞ்சா மறைக்குது.

ஆமாங்க, அதேதான், எக்ஸர்சைஸ் ரூம்பு. என்ற பையன் உள்ளதான் இருக்கறான். பெரிய டாக்டர் இன்னும் வரல. வந்து முட்டியை அளந்து பாப்பாராம். நேரா நிக்குதுன்னா வூட்டுக்குப் போகலாம். நிக்கலைன்னா மத்தியானமே தியேட்டருக்குள்ள கொண்டு போயி, முழு மயக்கம் குடுத்து, அவரே புடிச்சு நிமித்தி வுட்டுருவாராம். அதுக்குத்தான் காத்தால இருந்து பச்சைத் தண்ணிகூடக் குடுக்காமக் கூட்டிட்டு வந்திருக்கறாங்க.

எனக்கு ஆரும் சொல்லலைங்க. வரச் சொல்லவும் இல்ல. என்ற மக சிவகாமி பல்லடத்துல இருக்கறா, அவ போன்ல பேசறப்ப வாய் தவறி வுட்டுட்டா. "நீ போகாதே அம்மா, அவங்க பாத்துக்குவாங்க"ன்னா. பெத்தவளுக்கு இல்லாத சோலி ஆருக்குங்க? முருகான்னு பஸ் ஏறிட்டேன். இங்க வந்தா அந்த ஆயா, "ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம், அந்தக்கா இருக்குது"ன்னு கையைக் குறுக்க நீட்டறா. அந்தக்கான்னா என்ற மருமக, வளர்மதி. சரி, ஆயா எங்காச்சும் காப்பி குடிக்கப் போவாளல்லங்க? அப்ப ஒரு எட்டு உள்ள போயி அவன் பக்கத்துல நின்னு சாமி கும்பிட்டுட்டு வந்துருவேன். நான் பக்கத்துல இருந்தாத்தான் அவனுக்குத் தைரியம்.

உங்களுக்கு என்னங்க? தோள்பட்டையா? கையைத் தூக்கித் தலை சீவ முடியலையா? அய்யோ பாவம். செவுத்துல விரலால ஏறி ஏறி இறங்கச் சொல்றாங்களா? நல்லாக் காட்டறாங்க வித்தை. வலிக்குதுன்னா "வலி இருக்கும், வுட்டுறாதீங்க"ன்னு சொல்லுவாங்களே, ஒரு சின்னப் புள்ளை, ஒட்டகமாட்டம் உசரமா, ஹேமலதான்னு பேரு. அவளா உங்களுக்கும்? நல்ல புள்ளைன்னா சொல்றீங்க? சரிங்க. உங்களுக்கு நல்ல புள்ளை. என்னை அவ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் இங்க, நெஞ்சுக்குழிகிட்ட நிக்குது. சொல்றேன், இருங்க. கதவு மூடித்தான இருக்குது?

பையன் பேரு குழந்தைவேலு. காங்கயம் ரோட்டுல ஒரு தனியார் பஸ் ஓட்டறான். ஆடி மாசம், ட்யூட்டி முடிச்சு பைக்குல வர்றப்ப நாய் குறுக்க பூந்துருச்சு. இடது கால். முட்டிக்குச் சித்தெ மேல தொடை எலும்பு. பிளேட்டு வெச்சாங்க. எலும்பெல்லாம் நல்லாக் கூடிருச்சுங்க, அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா முட்டி நேராக மாட்டேன்னுருச்சு. படுத்தா முட்டிக்கு அடியில ஒரு சொம்பு நுழையும், அவ்வளவு சந்து. நின்னா ஒரு கால் குட்டையாட்டம் நொண்டறான். பஸ்ல கிளட்ச்சு இடது கால்தானுங்க. முழுசா நீட்டி மிதிச்சாத்தான் அது இறங்கும். முதலாளி நல்ல மனுசன், சீட்டை வெச்சிருக்கறேன்னாரு.

சீட்டு போனாப் போகுதுங்க. எனக்குப் பயம் அந்த மயக்க ஊசிதான்.

என்ற வூட்டுக்காரர் அப்படித்தான் போனாரு. வயித்துல கட்டி, சின்ன ஆபரேசன்னாங்க. போறப்ப, "பாப்பாத்தி, வெளிய வந்ததும் நாலு இட்லி திம்பேன், வாங்கி வெய்யி"ன்னாரு. நானும் வாங்கி வெச்சுட்டு உக்காந்திருந்தேன், இந்த மாதிரியே ஒரு பெஞ்சுல. எந்திரிக்கவே இல்ல. ஆரையும் குத்தம் சொல்லலைங்க, அவரு ஒடம்பு ஏத்துக்கல. ஆனா அப்பனோட ரத்தம்தான பையனுக்கும்? பிளேட்டு வெச்சப்ப முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போக வெச்சாங்க, பேசிக்கிட்டே இருந்தான். இப்ப அப்படி இல்லையாமா. முழுசாத் தூங்க வெச்சாத்தான் சதையெல்லாம் தளருமாம். அந்த ரூம்புக்குள்ள இன்னொரு தடவை என்ற வூட்டு ஆம்பளையை அனுப்பிட்டு நான் வெளிய உக்காந்திருக்கோணுமா?

ஆயா நகர மாட்டேங்கறாளே.

ஹேமலதா வார்த்தைக்கு வர்றேன். ஆரம்பத்துல நல்லாத்தான் பேசினா. ஒளிக்கப்படாது. முதல் நாள் என்னை உக்கார வெச்சுச் சொன்னா: "அம்மா, தோல் செருப்பு மழைல நனைஞ்சு காஞ்சா எப்படி ஆகும்? வெறைச்சுக்கும்ல? முட்டியும் அப்படித்தான். வலிக்குப் பயந்து மடக்கியே வெச்சிருந்ததுல பின்பக்கத்துச் சதை சுருங்கிப் போச்சு. கொஞ்சங்கொஞ்சமா இழுத்து நீட்டினாத்தான் வுட்டுக் குடுக்கும். நீட்டறது மட்டும் பத்தாது. முன்தொடைச் சதைக்கு வலு வரோணும். வலு இருந்தாத்தான் நீட்டின காலு நீட்டினபடி நிக்கும்."

எனக்கு நல்லாவே புரிஞ்சுது. அஞ்சாவதுதான் படிச்சிருக்கறேன், ஆனா புரிஞ்சுது.

பயிற்சி என்னன்னா, குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, முட்டிக்கு அடியில ஒண்ணுமில்லாம அந்தரத்துல வுட்டுறோணும். காலு தன் பாரத்துலயே மெல்ல மெல்லக் கீழ எறங்கும். எறங்க எறங்க உசுரு போகும். அப்படியே கெடக்கோணும். அப்புறம் முட்டியை மெத்தையில அமுக்கி, தொடைச் சதையை இறுக்கிப் புடிக்கோணும். அப்புறம் காலை வளைக்காம நேராத் தூக்கோணும். இதையே நாள் பூராவும் வுட்டு வுட்டுச் செய்யோணும். "இங்க வந்து என்கிட்ட செய்யறது கொஞ்ச நேரம்தான், வீட்டுல செய்யறதுதான் காலைக் காப்பாத்தும்"னா அவ.

நானும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு அதே சோலியா நின்னேன். வளர்மதி பனியன் கம்பெனிக்குப் போயிருவா. பகல் பூராவும் நானும் அவனும்தான். முன்னால வந்தவங்க உக்கார்ற ஆசாரம், அதுக்கு உள்ள அவன் படுத்திருக்கற ரூம்பு, பின்னால சமையக்கட்டு, அவ்வளவுதான் எங்க வூடு. அந்த ரூம்புலதான் கெழக்குச் செவுத்துல சாமி படம். கட்டில் முதல்ல அந்தப் பக்கமாக் காலு வர்ற மாதிரி கெடந்துச்சு. சாமிக்கு நேரா காலை நீட்டலாமுங்களா? நானும் வளர்மதியுமாக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இப்பக் காலு வாசப்படியைப் பாத்துருச்சு. அது பரவால்ல.

அப்புறம் நான் சும்மா இருப்பேனுங்களா? காத்தால ராகிக் கூழ். சித்தெ நேரம் கழிச்சு ஆட்டுக்கால் சூப்பு. எலும்புக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. கொள்ளு ரசம். எண்ணெய் காய்ச்சிக் கொண்டு போயி நெத்தியில வெச்சு விடுவேன். வலிக்குதா சாமின்னு கேக்கப் போவேன். வலிக்கலைன்னு சொன்னா நெசமா வலிக்கலையான்னு கேக்கப் போவேன். நடுவுல நடுவுல கட்டிலுக்குக் கால்மாட்டுல கீழ உக்காந்து கண்ணை மூடி முருகன் பேரைச் சொல்லிட்டே இருப்பேன். ஒரு வெனாடி அவனைத் தனியா வுட்டதில்லைங்க. நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்.

இங்க ஒண்ணு சொல்லோணும். தற்பெருமைன்னு நெனைக்காதீங்க. என்ற பையன் இந்த வயசு வரைக்கும் எம் முன்னால காலை நீட்டினதில்ல. பெரியவிய முன்னால காலை நீட்டப்படாதுன்னு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தேன். ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடம் போற வயசு, சாமி முன்னால காலை நீட்டிக்கிட்டு முறுக்குத் தின்னுட்டு இருந்தான். அந்த முட்டி மேலயே ஒண்ணு வெச்சேன், முறுக்கு எகிறிப் போச்சு. அன்னிக்கோட சரி. நான் வர்ற சத்தம் கேட்டாப் போதும், எங்க எப்படிக் கெடந்தாலும் காலை மடக்கி உக்காந்துக்குவான். கண்ணாலத்தப்ப சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்து அசந்து போனாங்க. அவனோட கண்டக்டர் ஒருத்தன் இருக்கறான், வாயாடி. "அம்மா, உங்க பையன் கோயில்கிட்ட மெதுவாப் போறப்ப, கிளட்ச்சை மிதிச்ச காலை வெடுக்குன்னு எடுத்துடறானுங்க, அங்க ஸ்டாப்பே இல்லீங்க, பஸ்ஸு குலுங்கி நிக்குது"ம்பான். சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு எனக்கு.

அந்த மாதிரிப் புள்ளைங்க. கால்ல பிளேட்டு வெச்சுக் கெடக்கறப்பகூட அந்த மரியாதை போகலீங்க. நான் கூழை எடுத்துட்டு ரூம்புக்குள்ள நுழைவேன். துண்டு மேல வெச்சிருந்த காலை வெடுக்குன்னு இழுத்து மடக்கிக்குவான். மொகம் சுருங்கும் வலியில, ஆனா மடக்கிக்குவான். நான் கால்மாட்டுல உக்காந்து சாமி கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் அப்படியே மடக்கினபடி இருப்பான். எனக்குக் கண்ணு நெறஞ்சுரும். எத்தனை பேருக்குங்க அமையும் இப்படி?

என்னங்க? எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

ஒண்ணுமில்லையா? சரிங்க.

மாசம் ஓடுச்சு. இங்க கூட்டிட்டு வந்தா ஹேமலதா அமுக்கி நீட்டி வுட்டுருவா, பரவால்லைன்னு அனுப்புவா. ரெண்டு நாள் கழிச்சு மறுக்கா வந்தா பழையபடி மடங்கிக் கெடக்கும். "அண்ணா, வீட்டுல செய்யறீங்களா இல்லையா?"ன்னு அதட்டுவா. "செய்யறனுங்க"ம்பான். அவன் பொய் சொல்ல மாட்டானுங்க. செய்யத்தான் செஞ்சான். அவளுக்குத்தான் புரியல. "இங்க நீளுது, வீட்டுக்குப் போனா மடங்குது, என்ன அதிசயம்?"னு ஒரு நாள் வேலை முடிச்சு எங்க வூட்டுக்கே வந்துட்டா. சேரைப் போட்டுக்கிட்டு ரூம்பு மூலையில உக்காந்துட்டா. "நீங்க எப்பவும் போல இருங்கம்மா, நான் சும்மாப் பாக்கறேன்"னா.

நானும் எப்பவும் போலத்தான் இருந்தேன். ஒரம்பரை, விருந்தாளின்னு வந்தா சும்மா வுடலாமுங்களா? அவளுக்குக் காப்பி கொண்டு போனேன். அவனுக்குச் சூப்பு கொண்டு போனேன். டம்ளரை எடுக்கப் போனேன். முறுக்கு வேணுமான்னு கேக்கப் போனேன். அவ அவனையே பாக்கறா, என்னையப் பாக்கறா, அவன் காலைப் பாக்கறா. அப்புறம் தலையில கையை வெச்சுக்கிட்டுச் சிரிச்சா. எதுக்குச் சிரிக்கறேன்னேன்.

எந்திரிச்சு வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, ஆசாரத்துக்குக் கூட்டிட்டு வந்து சொன்னா: "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க அந்த ரூம்புக்குள்ள வராம வெளிய இருங்க."

வெளிய இருங்க.

என்ற வூட்டுல. என்ற பையன் கெடக்கற ரூம்புக்கு. நேத்துப் பொறந்த புள்ளை என்கிட்ட சொல்றா, வெளிய இருங்கன்னு.

ஏனாத்தா, நான் என்ன பண்ணினேன்னு கேட்டேன். "உங்களைப் பாத்தா அவரு காலை மடக்கிக்கறாரும்மா. நீங்க போயிப் போயி வர்றீங்க, அவரு மடக்கி மடக்கி வெக்கறாரு. நான் பாடுபட்டு நீட்டினதெல்லாம் போயிருது"ங்கறா. ஏம்மா, பெத்தவளுக்கு மரியாதை குடுக்கறது ஒரு வியாதியா? அதுக்கு நீ வைத்தியம் பாக்க வந்தியா? அப்படித்தான் கேட்டேன், கொரலை உசத்தாமக் கேட்டேன். அவ, "சரி, கட்டிலையாச்சும் திருப்பிப் போடுங்க, காலு அந்தச் செவுத்துப் பக்கம் இருக்கட்டும், அப்ப நீங்க உள்ள வந்தாலும் அவருக்குச் சங்கடம் இருக்காது"ன்னா. அந்தச் செவுத்துலதானுங்க சாமி படம்! முருகனுக்கு நேரா காலை நீட்டச் சொல்றா! கன்னத்துல போட்டுக்கிட்டேன். "அப்ப சாமி படத்தையாச்சும் ஆசாரத்துக்கு மாத்துங்க"ன்னா. பட்டணத்துப் புள்ளைகளுக்குச் சாமின்னா காலண்டர் மாதிரி, எங்க ஆணி இருக்குதோ அங்க மாட்டிக்கலாம்.

அதுக்காக நான் முரண்டு புடிச்சேன்னு நெனைச்சுராதீங்க. அவ சொன்னதை யோசிச்சேன். அடுத்த நாளு அவன்கிட்டப் போயி நானே சொன்னேன், "சாமி, அம்மா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன், எம் முன்னாலயே நீட்டு." அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நீ போம்மா, நான் நீட்டிக்கறேன்"னான். "இல்ல, நான் இருக்கறப்பவே நீட்டு. அந்தப் புள்ளைக்குக் காட்டோணும்"னேன். நீட்டினானுங்க. கண்ணை மூடிக்கிட்டு நீட்டினான். காலு நடுங்குது, நெத்தியெல்லாம் வேர்வை. நான் அசையாம உக்காந்திருக்கறேன். கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான், சுருக்குன்னு மடங்கிக்கிச்சு. "வரலைம்மா, காலு வரமாட்டேங்குது"ன்னு அழுதுட்டான். நானும் அழுதேன். ஆனா உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு. நானே சொன்னாலும் கேக்க மாட்டேங்கறானே!

அப்புறம் தொண்டையைச் செருமிட்டு உள்ள போயிப் பாத்தேன். செருமினதுமே மடக்கிக்கிட்டான். செருமாமப் போயிப் பாத்தேன், வளையல் சத்தம் கேட்டு மடக்கிக்கிட்டான். வளையலை முழங்கைக்கு ஏத்திட்டுப் போனேன். சூப்பு வாசம் வந்துருச்சாம்.

உள்ள போகாம இருந்திருக்கலாமேன்னு கேக்கறீங்களா? நீங்க பெத்திருக்கறீங்களா அம்மிணி? ஒரு பையனா? நாளைக்கு அவன் வலியில கெடக்கறான், நீங்க கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து இருப்பீங்களா? சொல்லுங்க பாப்போம்.

ஆயா எந்திரிக்கறாளா? இல்ல, சீலையைச் சரி பண்றா.

பெரிய டாக்டர் போன தடவை கைய விரிச்சுட்டாரு. "இப்படியே வுட்டா உள்ள ஒட்டிக்கும். ஐப்பசி முடியறதுக்குள்ள நேராகலைன்னா மயக்கம் குடுத்து நிமித்தறதுதான் வழி"ன்னாரு. நான் அங்கயே அவரு கால்ல வுழுகப் போயிட்டேன். வளர்மதி வெளிய வந்து அந்த ஹேமலதாகூடக் குசுகுசுன்னு என்னமோ பேசினா. வூட்டுக்கு வந்து சோறு போடறப்பச் சொல்றா: "அத்தை, இவரை மொடக்குறிச்சிக்கு எங்கம்மா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. பயிற்சியெல்லாம் முடியட்டும், அதுவரைக்கும் அங்க இருக்கட்டும்."

நான் அவனைப் பாத்தேன். எப்பவும் எம் பக்கம் நிக்கிற பையன். சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே, "போயிட்டு வர்றம்மா"ன்னான். தலையைத் தூக்கல.

பெத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, காலு ஒடஞ்ச பையன் மாமியா வூட்டுல போயிக் கெடந்தா ஊரு என்ன பேசும்? இருந்தாலும் நானே மூட்டையைக் கட்டிக் குடுத்தேன். சூப்புக்கு மொளகு சீரகம் வறுத்துப் பொடி பண்ணிக் குடுத்தேன். வண்டி போனதும் அந்த ரூம்புல போயி உக்காந்தேன், கால்மாட்டுல.

அங்க என்ன லட்சணம் தெரியுங்களா? வளர்மதியோட அம்மா பழைய காலத்து மனுசி. மருமகன் முன்னால வரப்படாது, நிக்கப்படாதுன்னு இன்னும் பாக்கறவ. அவன் இருக்கற ரூம்புப் பக்கமே எட்டிப் பாக்காதாம். காப்பிகூட மககிட்டக் குடுத்து அனுப்புமாம். மக கம்பெனிக்குப் போயிட்டா, சன்னல்ல வெச்சுட்டு ஓடிருமாம்! "எப்படிடா இருக்கறே அங்க?"ன்னு போன்ல கேட்டேன். "நாள் பூராவும் தனியாத்தாம்மா கெடக்கறேன்"னான். வலிக்குதான்னு கேக்க ஒரு நாதி இல்ல. பக்கத்துல உக்காந்து சாமி கும்பிட ஆள் இல்ல. அந்த மாதிரி எடத்துல கெடந்தா எப்படிங்க காலு நேராகும்?

"நேராகிட்டு வருதும்மா"ன்னான். கால்ல மணல் மூட்டையெல்லாம் கட்டித் தூக்கறானாம். முன்தொடைச் சதை ஏறியிருக்குதுன்னு சொன்னான். என்னைச் சமாதானம் பண்ணறதுக்குச் சொல்றான்னு தெரியாதா எனக்கு? "நான் வந்து பாக்கறேன்டா"ன்னேன். "வேண்டாம்மா"ன்னான். அவ்வளவு வேகமா அவன் என்கிட்ட வேண்டாம்னு சொன்னதே இல்ல. ஆரோ சொல்லிக் குடுத்திருக்கறாங்க. ஹேமலதாவா, வளர்மதியா, தெரியல. என்னைப் புடுங்கி வெளிய வெச்சுட்டாங்க அம்மிணி. காலை நிமித்தறேன்னு சொல்லிப் பையனையே நிமித்திக் கொண்டு போயிட்டாங்க.

அதனாலதான் இன்னிக்கு வந்துட்டேன். அளக்கறப்ப நான் பக்கத்துல நிக்கோணும். அவன் அப்பனுக்குத்தான் நிக்க முடியல.

என்னங்க, எதுக்கு என்ற கையைப் புடிக்கறீங்க? உக்காருங்கன்னா? நான் எந்திரிக்கவே இல்லையே.

அங்க பாருங்க, டாக்டர்! வெள்ளைச் சட்டை, அவருதான். நேரா உள்ள போறாரு. ஹேமலதாவும் பின்னால போறா. என்னைப் பாக்கல. முருகா. முருகா. ஆயாவையும் கூப்பிடறாங்களே! என்னமோ தள்ளுவண்டி கேக்கறாங்க. தள்ளுவண்டி எதுக்குங்க? தியேட்டருக்கா? இப்பவே முடிவு பண்ணிட்டாங்களா? சொல்லுங்க அம்மிணி, தள்ளுவண்டி எதுக்கு? ஏதோ மெசினை வெக்கறதுக்கா? மெழுகு உருக்கி ஒத்தடம் குடுக்கற மெசினா? உங்களுக்குத் தெரியுமா? அப்பச் சரி. அப்பச் சரிங்க.

ஆயா போயிட்டா. கதவைச் சாத்தாமப் போயிட்டா. வுடுங்க கையை. இதுதான் நேரம். நான் போறேன்... வுடுங்கன்னா...

...

அய்யோ.

எம் பக்கமாத்தானுங்க காலை நீட்டியிருக்கறான்.

நல்லாத் தெரியுது. பெஞ்சு மேல மல்லாக்கப் படுத்திருக்கறான். ரெண்டு உள்ளங்காலும் என்னையவே பாக்குது. குதிகால்ல வெடிப்பு. பெருவெரலுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்குதுங்க, மறந்தே போயிட்டேன் அதை. பச்சைப் புள்ளையா இருக்கறப்ப நான் ரெண்டு காலையும் நீட்டி, கால் மேல அவனைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவேன். அப்பப் பாத்தது. அதுக்கப்பறம் அந்த உள்ளங்காலை நான் பாக்கவே இல்ல. பாக்க வுட்டதே இல்லைங்க அவன்.

தலையைத் திருப்பறான். கதவுப் பக்கம் திருப்பறான்.

கூப்பிடாதீங்க! கையைக் காட்டாதீங்க! பேசாம இருங்க அம்மிணி, அவனுக்கு என்ற கொரல் கேக்கும். நான் இந்தத் தூணுக்கு அக்கட்ட நின்னுக்கறேன். வளையலைப் புடிச்சுக்கறேன். நீங்க பாருங்க. நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

டாக்டர் என்ன பண்ணறாரு? குனியறாரா? அளக்கறாரா? எதை வெச்சு? பள்ளிக்கூடத்துப் புள்ளைக வெச்சிருக்கற அந்த வட்ட ஸ்கேலாட்டமா? சரி. வளர்மதி எங்க? செவுத்தோரமா? அழுகறாளா? இல்லையா?

முட்டிக்கு அடியில கையை வுட்டுப் பாப்பாரு, அதைப் பாருங்க. சந்து இருந்தா கை உள்ள போயிரும். நல்லாப் பாருங்க அம்மிணி, கண்ணை எடுக்காதீங்க. காலை நடுக்கறானா? நடுங்கலையா? மடங்கலையே? கையை வெக்கறாரா? போகுதா? விரலு மட்டுமா? சொல்லுங்க, விரல் முழுசாப் போகுதா?

போகலையா?

நெசமாப் போகலையா?

மறுக்கா வெச்சுப் பாக்கறாரா? ... பாக்கட்டும், பாக்கட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் பாக்கட்டும். இப்ப என்ன? தூக்கச் சொல்றாரா? தூக்கறானா? நேராத் தூக்கறானா, வளையாம? டாக்டர் மேல இருந்து அமுக்கறாரா? அப்படியே நிக்குதா?

என்ன சத்தம் அது? சிரிக்கறாங்களா? டாக்டர் சிரிக்கறாரா? என்னமோ சொல்றாரே, எனக்குக் காது அடைச்சுப் போச்சு, என்ன சொன்னாரு? தியேட்டரா? ... வேண்டாம்னாரா? வேண்டாம்னா சொன்னாரு? அந்த வார்த்தையேவா? அளவு முழுசா வரலை, ஆனா இது போதும், பயிற்சியை வுட்டுறாதேன்னாரா?

முருகா. என்ற அப்பனே.

அவன் என்ன பண்றான்? தண்ணி கேக்கறானா? குடுக்கறாளா வளர்மதி? குடிக்கறானா? படுத்தபடியேவா? காலு? காலு இன்னும் நீட்டினபடிதான இருக்குது? ... இருக்கட்டும். இருக்கட்டுமுங்க.

இல்லைங்க, நான் உள்ள போகலை. எனக்கா ஆசை இல்ல? ஓடிப் போயிக் கட்டிப் புடிச்சுக்குவேன். ஆனா நான் வாசப்படியை மிதிச்சாப் போதும், அவன் எந்திரிச்சு உக்காந்துக்குவான். டாக்டர் முன்னால எதுக்கு? அவன் சித்தெ நேரம் அப்படியே நீட்டிக்கிட்டுக் கெடக்கட்டும். நல்லா நீட்டிக்கட்டும்.

இந்தப் பக்கம் ஒரு வழி இருக்குதுங்களா, மருந்துக்கடை வழியா? அதுல போனா அந்தக் கதவைத் தாண்ட வேண்டாமல்ல? அப்ப அப்படியே போயி பஸ் ஏறிக்கறேன். நான் வந்தேன்னு வளர்மதிகிட்டச் சொல்லீராதீங்க. உங்க கையும் சீக்கரம் மேல வரும் அம்மிணி, வலிக்குதுன்னு செவுத்தை வுட்டுறாதீங்க.

ஹேமலதாகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுங்க. கண்டிப்பாச் சொல்லுங்க. அவ சொன்னதுக்காக நான் வெளிய நிக்கல. நானாத்தான் நிக்கறேன்.